60 வீதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்

கனடாவில் இருந்து இலங்கைக்குப் போய் மூன்று கிழமை ஊரில் நின்றேன். கல்யாண வீடு, கோயில், ஏ9 றோட்டு எல்லாம் நல்லாய்த்தான் போனது. மனதில் நிற்பது அம்மாவின் எக்கோ (இதய ஸ்கான்) ரிப்போட்டில் இருந்த கடைசி வரி ஒன்றுதான்.

அம்மாவுக்கு 71 வயது. பிரஷரும் சீனியும் கனகாலம். போன மறுநாளே கண்டேன், கிணற்றடியில் இருந்து குசினிக்கு வர இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறா, கால் வீங்கியிருக்கிறது, இரவில் மூன்று தலையணை. கேட்டால், "முட்டுத்தான், பனிக்குக் கூடும்". கிளினிக் கொப்பியிலும் முட்டு, அதாவது ஆஸ்துமா, என்றே எழுதி இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள்.

விடியப்புறம் நம்பர் எடுத்து வாங்கில் குந்தியிருக்க வைக்க மனமில்லாமல் தனியார் இடம் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். காசு கட்டிய அன்றே எக்கோ. ஸ்காபரோவில் என்னுடையதற்கு இரண்டு மாதம் காத்திருந்தவன் நான், உண்மையிலேயே சந்தோசப்பட்டேன். "ஹார்ட் நல்லாய் பம்ப் பண்ணுது, 60 வீதம், பயப்பட ஒண்டுமில்லை" என்று ரிப்போட்டைக் கையில் தந்தார்கள். அடியில் சின்ன எழுத்தில் 'டயஸ்டொலிக் டிஸ்ஃபங்ஷன், கிரேட் 2' என்று கிடந்தது. இது என்ன என்று கேட்டேன். "வயசு போனால் எல்லாருக்கும் வாறதுதான்." அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நாலாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அம்மா எழும்பி இருந்து மூச்சுக்குத் தவித்தா. ஓட்டோவில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே இருந்த டொக்டர் பிள்ளைக்கு முப்பது வயதுகூட இராது. ரிப்போட்டை வாங்கி முதலில் பார்த்தது அந்தக் கடைசி வரியைத்தான். தேங்கிய நீரை வெளியேற்றும் லாசிக்ஸ் ஊசி போட்டு, விடிய அம்மா ஒரு தலையணையோடு நித்திரை கொண்ட பிறகு, பக்கத்தில் வந்து நின்று விளங்கப்படுத்தினா. "அம்மா, வயலுக்குள்ள தண்ணி இறங்காட்டி வாய்க்கால்லதானே முட்டும்? உங்கட இதயம் இறுகிப்போச்சு. சுருங்குது, ஆனா விரிஞ்சு ரத்தத்தை உள்ள எடுக்குதில்லை. அது பின்னால நுரையீரல்ல முட்டுது."

60 வீதம் என்பது உள்ளே வந்த ரத்தத்தில் எவ்வளவு வெளியே போகிறது என்ற கணக்கு மட்டும்தான். வந்ததே குறைவென்றால்? அம்மாவுக்கு வந்தது இதயச் செயலிழப்பு, இதயம் நின்றுபோவதல்ல, தன் வேலையைச் சரியாகச் செய்யாதது. அது உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு இந்த எண் சாதாரணமாகவே இருக்குமாம், எங்கட அம்மாமாரைப் போல பிரஷரும் சீனியும் உள்ள வயதான பெண்களில்தான் இது அதிகமாம். எண் நல்லது என்பதால் ஆபத்துக் குறைவில்லை, திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் கிடப்பதும் சாவதும் பம்ப் பண்ணுவது குறைந்துபோன மற்ற வகையோடு ஏறக்குறைய ஒத்ததுதான். வயதோடு இந்த இறுக்கம் கிரேட் 1 அளவில் பலருக்கு வரும், சரி. ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு, கால் வீங்கி வந்த மனிசிக்கு கிரேட் 2 என்றால் அதை வயது என்று சொல்லி அனுப்பலாமா? அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கனடாவில் என்றால் ரிப்போட் நேரே குடும்ப வைத்தியருக்குப் போகும், பெரும்பாலும் நாங்கள் அந்த வரியைக் காண்பதில்லை. ஊரில் கையில் தருகிறார்கள். தந்தால் கடைசிவரை வாசியுங்கள்.

அந்த டொக்டர் பிள்ளை, சீனி வருத்தத்துக்கும் கொடுக்கும் எம்பாகிளிஃபுளோசின் குளிசையும் எழுதித் தந்தா. இந்த வகை வருத்தத்தில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருவதை அது குறைக்கிறது என்று 2021இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. பிரஷரைக் கட்டுக்குள் வைக்க வேணும், கருவாட்டையும் ஊறுகாயையும் விட வேணும், ஒவ்வொரு விடியவும் நிறை பார்க்க வேணும், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே வர வேணும்.

பிளேன் ஏற முதல்நாள் சந்தையில் தராசு வாங்கிக் கொடுத்தேன். அம்மா நிறையைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்து போனில் வாசிக்கிறா. இன்று 58.4 கிலோ, நேற்று 58.6.