மாற்றாத சென்சருக்கு 42,000 ரூபா: பழைய கேடிஎச் வான் வைத்திருப்பவர்கள் கவனம்

வன்னியில் டொயோட்டா கேடிஎச் வான் வைத்து ஹயர் ஓடுகிறவர்கள் தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள். என் காசு போனது ஒருபக்கம். நடுக்காட்டில் நோயாளியோடு நின்றதுதான் என்னை எழுத வைக்கிறது.

நான் கிளிநொச்சியில் இருந்து ஓடுகிறேன். என்னுடையது 2கேடி டீசல் இஞ்சின் உள்ள பழைய கேடிஎச். மாற்றுவோம் என்று நினைத்திருந்த நேரத்தில்தான் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 இல் திரும்பத் திறந்தும் விலை கிட்டப் போக ஏலாத விலை. எங்கள் வீட்டு அடுப்பு இந்த வானை நம்பித்தான் எரிகிறது.

சித்திரை வெயிலோடு பிரச்சினை தொடங்கியது. ஒரு மணித்தியாலம் ஓடி இஞ்சின் நன்றாகச் சூடானதும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். திறப்பைத் திருப்பினால் இஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. இஞ்சின் முன்சீற்றுக்கு அடியில்தான், சீற்றைத் தூக்கிவைத்து அரை மணித்தியாலம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்ராட் ஆகும்.

ஏ9 ஓரத்துக் கராஜ் ஒன்றில் ஸ்கேன் பூட்டிப் பார்த்தார்கள். பி0335 என்ற பிழைக் குறி வந்தது, கிராங்க் சென்சர் என்றார்கள். அதில் பிழையில்லை, பிறகு அதுவேதான் உறுதியானது. ஏமாற்றியது வேலையில்.

இந்தச் சென்சர் இருக்கிற இடத்தைச் சொன்னால்தான் விசயம் விளங்கும். இஞ்சினின் முன்பக்கம், அடியில், கிராங்க் புளியோடு ஒட்டினாற்போல இருக்கிறது. உள்ளே கிராங்கோடு, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டோடு, சேர்ந்து சுற்றும் தட்டில் 36 பல் வரவேண்டிய இடத்தில் 34 தான் இருக்கும், இரண்டு பல்லுக்கு இடைவெளி. அந்த இடைவெளி கடக்கிறதைப் பார்த்துத்தான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கொம்பியூட்டர் கணக்குப் பிடிக்கும். சிக்னல் வராவிட்டால் இஞ்செக்டருக்கு டீசல் அடிக்கச் சொல்லாது. சீற்றைத் தூக்கினாலும் மேலிருந்து அது கண்ணில் படாது. வண்டிக்கு அடியில் படுத்து, ரோச் அடித்து, கழுத்தைத் திருப்பினால்தான் தெரியும். வண்டிக்காரன் அப்படிப் படுத்துப் பார்க்கமாட்டான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணை, ஏசி கொம்பிரசர் இறக்கவேணும், பெல்ற் கழட்டவேணும், ஒருநாள் வேலை" என்றார்கள். சென்சர் ஒறிஜினல் 27,000, கூலி 15,000. விலையை வட்சப்பில் அனுப்பினார்கள். பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்தநாள் பின்னேரம் போனேன். இஞ்சின் லைற் அணைந்திருந்தது. கழற்றின பழைய சென்சர் என்று எண்ணெய் பிடித்த ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கையில் தந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. டாஷ்போட்டுக்குள் போட்டுவிட்டு எண்ணிக் காசு கொடுத்தேன்.

நாலு நாள் ரவுணுக்குள் சின்னச் சின்ன ஓட்டம். ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் நாள் வவுனியா ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு ஒரு அம்மாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போனேன். முறிகண்டியில் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டோம். மாங்குளம் தாண்டி, கனகராயன்குளம் வருவதற்கு முன், இரண்டு பக்கமும் காடு. அங்கே நின்றது. அந்த அம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லைத் தம்பி, ஆறட்டும்" என்றார். அவருடைய கிளினிக் நம்பர் தவறிப்போனது. அந்தப் பரவாயில்லை இன்னும் என் காதில் நிற்கிறது.

திரும்பி வந்ததும் புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிற வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் கார் ஓட்டின தலைமுறை. அவர் ஸ்கேன் மெசினைத் தேடவில்லை. முதலில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். ஒரு நிமிசத்தில் என்னையும் கூப்பிட்டார். "இஞ்ச பாரும் தம்பி."

சென்சரைப் பிடித்திருக்கிற 10 எம்எம் போல்ற்றின் தலையில் எண்ணெயும் எங்கள் ஊர்ச் செம்மண்ணும் சேர்ந்து தார்போல இறுகிக் கிடந்தது. சாவி போட்ட தடம் அதில் இல்லை. சென்சருக்கு வரும் வயரின் சொக்கற் மட்டும் துணியால் துடைத்துப் பளபளவென்று இருந்தது. சொக்கற்றை மட்டும் கழற்றிப் பூட்டி, ஸ்கேனில் பிழைக் குறியை அழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். டாஷ்போட்டில் கிடந்த "பழைய" சென்சரை எடுத்துக் கொடுத்தேன். அதன் வாயும் என் வண்டிச் சொக்கற்றும் பொருந்தவே இல்லை. வேறு ஏதோ வண்டியினது.

ஐயா கீழிருந்தபடியே அதைக் கழற்றினார். கொம்பிரசரைத் தொடவே இல்லை. நீட்டுக் கம்பி பூட்டின சாவி, ஒன்றரை மணித்தியாலம். மல்ரிமீற்றரில் வைத்தபோது 2,000 ஓமுக்குக் கிட்டக் காட்டியது, அது சரியான அளவு. பிறகு தேத்தண்ணிக்குக் கொதிக்கவைத்த தண்ணீரை எவர்சில்வர் தம்ளரில் ஊற்றி, சென்சரின் நுனியை அதற்குள் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் மீற்றரில் இலக்கம் தடுமாறிக் காணாமல் போனது. வெளியே எடுத்து ஆறவிட்டார், திரும்ப வந்தது. உள்ளே சுற்றின கம்பி சூட்டுக்கு விட்டுப்போகிறது, குளிர்ந்தால் தொடுகிறது. இரண்டு மாதம் என்னை அலைக்கழித்த வருத்தத்தை ஒரு தம்ளர் சுடுதண்ணீரில் காட்டிவிட்டார். குளிர்ந்த வண்டியில் மீற்றர் வைத்து "சென்சர் நல்லம்" என்று யாராவது சொன்னாலும் நம்பவேண்டாம் என்பது இதில் நான் கற்றது.

வவுனியாவில் டென்சோ சென்சர் பெட்டியோடு வாங்கிவந்து பூட்டினோம். ஐயா கூலியாக 4,000 தான் எடுத்தார். அதற்குப் பிறகு யாழ்ப்பாணம், மன்னார் எல்லாம் ஓடிவிட்டேன், நிற்கவில்லை.

கராஜுக்குத் திரும்பப் போய் இரண்டு சென்சரையும் மேசையில் வைத்தேன். பெடியன் மாறித் தந்திருப்பான் என்றார்கள். போல்ற்றின் படத்தைக் காட்டினேன். சத்தமில்லை. பிறகு 10,000 தருகிறோம், கதையை விடுங்கள் என்றார்கள். நான் வாங்கவில்லை.

நுகர்வோர் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி வேலை செய்வித்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். விசாரிக்க 1977 என்ற நம்பருக்கு எடுக்கலாம். பில் இல்லாதது எனக்குப் பெரிய குறை. வட்சப்பில் வந்த விலையும் போல்ற் படமும்தான் கைகொடுக்கிறது. நீங்கள் காசு கொடுக்கும்போதே சாமானின் பெயரும் கூலியும் வேறுவேறாக எழுதின பில் வாங்குங்கள். புதுச் சாமானைப் பூட்டுவதற்கு முன் கையில் வாங்கி, அதன் உடம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுப் படம் எடுங்கள். கழற்றினதை உங்கள் வண்டிச் சொக்கற்றில் செருகிப் பாருங்கள்.

அண்மையில் இந்தப் பக்கம் கிராங்க் சென்சர் மாற்றியதாகக் காசு கொடுத்த யாராவது இருந்தால், நாளைக்கு விடிய இஞ்சின் ஆறியிருக்கும்போது ஒரு ரோச்சோடு வண்டிக்கு அடியில் படுத்து அந்தப் போல்ற்றின் தலையைப் பாருங்கள். மண் உடையாமல் இருந்தால் துடைத்துவிடாதீர்கள், முதலில் படம் எடுங்கள்.