சட்டை முதுகில் ஒட்டும் சோபா

போன வாரம் பழைய சோபாவுக்குக் குஷன் வேலை முடிந்தது. பில்லைப் பார்த்த நண்பன், "இதுக்குப் புதுசே வாங்கியிருக்கலாமேடா" என்றான். எங்கள் வீட்டில் இரண்டும் கிடக்கின்றன, அதனால் சொல்கிறேன்.

ஹாலில் இருப்பது ஆறு வருடத்துக்கு முன் வாங்கிய லெதரெட், அதாவது செயற்கைத் தோல் போர்த்திய சோபா. 32 டென்சிட்டி ஃபோம், அடியில் இலாஸ்டிக் பட்டை, சுற்றிலும் ஸ்டேப்ளர் பின். உட்கார அவ்வளவு சுகம், அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மேல்தோல்! துணிமேல் பூசிய பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்தான் அது. காற்றிலிருக்கும் ஈரமே நாளடைவில் அதைச் சிதைத்துவிடும், வியர்வையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. நாலாவது வருடம் கைப்பிடியில் நகமளவு உரிந்தது. இப்போது வெள்ளைச் சட்டையோடு சாய்ந்து எழுந்தால் முதுகெல்லாம் காபித்தூள். தீபாவளியன்று பாயசத்தில் ஒரு துணுக்கு மிதந்தது. ஏலக்காய்த் தோல் என்று மாமா மென்று விழுங்கிவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. கடையில் கேட்டால், "வாரண்டி ஃபிரேமுக்குத்தான் சார்."

பழையது அப்பா வாங்கிய தேக்கு சோபா. பிரித்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய சணல் பட்டை, அதில் தைத்த ஸ்பிரிங்குகள். ஒவ்வொரு ஸ்பிரிங்கின் தலையையும் எட்டுத் திசையிலும் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதன்மேல் சாக்கு, தேங்காய் நார், கடைசியாக இலவம் பஞ்சு. ஸ்பிரிங் ஒன்றுகூட உடையவில்லை. பட்டைதான் இற்றுப்போயிருந்தது. வேலைக்கு வந்த பெரியவர் வாய் நிறைய சின்ன ஆணிகளை அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளித் தள்ளி அடித்தார். ஆணி தீர்ந்த பிறகுதான் பேச்சு: "நாரை உதறிப் போட்டா திரும்ப எழும்பும் தம்பி. ஃபோம் அமுங்கினா அமுங்கினதுதான்."

சரி, இதிலும் குறை உண்டு. நாலு நாள் வீடெல்லாம் பஞ்சு பறந்து எனக்கு ஓயாத தும்மல். நாருக்குள் மூட்டைப்பூச்சி குடித்தனம் வேறு.

இவ்வளவு சொல்லிவிட்டு நண்பனிடம், "நீ புதுசே வாங்கிடு" என்றேன். அடுத்த முறை பட்டை இற்றால் ஸ்பிரிங் கட்ட யாரைத் தேடுவது? அந்தப் பெரியவர் மகனே ஸ்டேப்ளர் வேலைதான் பார்க்கிறாராம். துணி உறை போட்டதாகப் பார்த்து வாங்கு, லெதரெட்தான் வேண்டுமென்றால் என்னுடையதைச் சும்மாவே எடுத்துக்கொண்டு போ என்றும் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.