ஐம்பதா, நூற்றிருபத்தைந்தா? கொங்கு வெயிலுக்கு எந்தக் கறுப்பு-வெள்ளை ஃபிலிம்

வெயில் இப்படிக் கொளுத்துகிற ஊரில் ஐஎஸ்ஓ (ஒளியைப் பிடிக்கும் வேகம்) 50 ஃபிலிம்தானே சரி என்று பலர் நினைக்கிறார்கள். வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது, மெதுவான ஃபிலிம் போட்டால் கிரெயினும் (படத்தில் மணல்போலத் தெரியும் பொடிப் புள்ளிகள்) தெரியாது, அப்புறம் என்ன யோசனை? எனக்கு என்னவோ இந்தக் கணக்கு தலைகீழாகப் படுகிறது. சித்திரை மத்தியானத்தில் நம்மைப் படுத்துவது வெயிலுக்கும் நிழலுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி. அந்த இடைவெளியைத் தாங்குகிற ஃபிலிம் எது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

நான் எடுத்துக்கொள்வது இரண்டு: இல்ஃபோர்டின் பான் எஃப் பிளஸ் 50, அதே கம்பெனியின் எஃப்பி4 பிளஸ் 125. வேகத்தில் இரண்டுக்கும் ஒன்றேகால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேலேதான் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு, அல்லது பாதி). குணத்தில் வித்தியாசம் அதைவிடப் பெரிது.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் ஒரு காங்கேயம் காளையைப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயில். விலாவில் வெள்ளை பளீரென்று அடிக்கிறது. திமிலும் கழுத்தும் கருத்து நிற்கின்றன. வயிற்றுக்கு அடியில் கரிய நிழல். பான் எஃப் இயல்பிலேயே கான்ட்ராஸ்ட் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு) கூடிய ஃபிலிம். விலாவுக்கு மீட்டர் (வெளிச்சம் அளக்கும் கருவி) பார்த்தால் திமில் வெறும் கறுப்பாகிவிடும். திமிலுக்குப் பார்த்தால் விலாவில் ரோமத்தின் ஒரு கோடு கூட பிரிண்டில் ஏறாது. எஃப்பி4 இதற்கெல்லாம் அசராது. ஆறு ஸ்டாப் கூடினாலும் இரண்டு ஸ்டாப் குறைந்தாலும் பயன்படுத்தத் தக்க படம் வரும் என்று இல்ஃபோர்டே சொல்கிறது. ஆறு ஸ்டாப்பை நான் நம்பிக் கெட மாட்டேன். இரண்டு மூன்று கூடினால் கவலை இல்லை என்பது மட்டும் உண்மை. மாட்டுக்காரர் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு "எடுத்தாச்சுங்களா?" என்று அவசரப்படுத்தும்போது, இந்தத் தாராளம்தான் கை கொடுக்கும். நல்ல வெயிலில் எஃப்பி4-க்கு லென்ஸ் துவாரம் எஃப்/8-ல் ஷட்டர் 1/500 நொடி கிடைக்கும், பான் எஃப்-க்கு 1/250-க்குக் கொஞ்சம் கீழே. வாலைச் சுழற்றி ஈ ஓட்டுகிற காளைக்கு 1/500 இருந்தால் நல்லதுதான்.

பான் எஃப்-ஐ வெயிலில் பயன்படுத்தவே முடியாதா என்றால், முடியும். மீட்டரில் 25 என்று வைத்து எடுத்து, கழுவும் நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் கான்ட்ராஸ்ட் அடங்கும். ஆனால் 25-க்கு இறங்கிவிட்டால் தென்னந்தோப்பு நிழலுக்குள் 1/30, எஃப்/4 என்று வந்து நிற்க வேண்டியதுதான். கையில் பிடித்து எடுக்கிற ஆளுக்கு அது தோது இல்லை.

பான் எஃப்-க்கு நம் ஊரில் ஒரு பருவம் உண்டு. ஆனியும் ஆடியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்து மூடும்போது பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் வெளிச்சம் பரவலாகவும் மென்மையாகவும் விழும். எஃப்பி4 அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் மந்தமாக, சாம்பலாகத் தெரியும். பான் எஃப் அதே காட்சியில் பாறைக்கு ஓர் உயிர் கொடுக்கும். மழை நனைத்த கருங்கல், கோயில் வெளிமதில், ஆற்றுப் பாறை இதெல்லாம் அதற்கென்றே இருப்பதுபோல வரும்.

கொடிவேரி அணையில் தண்ணீர் விழுவதை எடுக்கிறவர்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. மேகமூட்டத்தில் ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் இரண்டு ஸ்டாப் போய்விடும். எஃப்/16-ல் பான் எஃப்-க்கு ஷட்டர் 1/4 நொடிக்கு இறங்கும், தண்ணீர் இழையிழையாக விழும். எஃப்பி4 என்றால் 1/8-க்கு மேலேயே நின்றுவிடும், தனியாக இன்னொரு ஃபில்டர் தேடணும். முக்காலி வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வம்பு என்னவென்றால், மேகம் கொண்டு வருகிற அதே கணவாய்தான் காற்றையும் கொண்டு வருகிறது. உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆடிக் காற்றில் தென்னை ஓலை ஒரு கணம் நிற்காது, 1/30-ல் எடுத்தால் மட்டைகள் எல்லாம் பஞ்சாகத் தெரியும். ஆகவே ஆடியிலும் தோப்புக்குள் போகிறவர் எஃப்பி4 போடட்டும். கல்லையும் தண்ணீரையும் எடுக்கிறவர் பான் எஃப் போடட்டும்.

எடுத்த பான் எஃப் ரோலை கேமராவிலேயே வைத்து மறந்துவிடக் கூடாது. ஃபிலிமில் பதிந்த உருவம் கழுவுவதற்கு முன்பே மெல்ல மங்கத் தொடங்குகிற குணம் அதற்கு உண்டு. மூன்று மாதத்துக்குள் கழுவிவிடுவது நல்லது. ஆடியில் எடுத்ததைத் தைக்குக் கழுவலாம் என்று விட்டால் நெகட்டிவ் சோகையாக வரும். எஃப்பி4 இந்த விஷயத்தில் பொறுமைசாலி. வருஷத்துக்கு ஒரு ரோல் முடிக்கிறவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் அதையே வாங்கலாம்.

சரி, கழுவுவதற்கு வருவோம். என் கணக்கில் ஃபிலிமைவிடப் பெரிய முடிவு இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் டெவலப்பர் (ஃபிலிமில் உருவத்தை வெளிக்கொண்டு வரும் கெமிக்கல்) டப்பாக்களில் போட்டிருக்கும் நேரமெல்லாம் பெரும்பாலும் 20 டிகிரிக்கு. ஏப்ரலில் கோயம்புத்தூர் மாடித் தொட்டித் தண்ணீர் 20 டிகிரிக்கு எப்போது வரும்? மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால்தான். (ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்த காலத்தில் அங்கே 'இந்து' ஃபிலிமே தயாரானது. இப்போது நாம் போடுவது எல்லாம் கடல் தாண்டி வருவது.)

வெப்பம் ஒரு டிகிரி கூடினால் நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். பான் எஃப்-ஐ இல்ஃபோர்டின் ஐடி-11 டெவலப்பரில் தண்ணீர் கலக்காமல் கழுவினால் 20 டிகிரிக்கு ஆறரை நிமிஷம். அதையே 27 டிகிரியில் செய்தால் மூன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ஐந்து நிமிஷத்துக்குக் கீழே போனாலே டெவலப்பர் சீராகப் பரவாது, வானத்தில் திட்டுத் திட்டாக விழும். அதனால் இங்கே கெமிக்கலை நீர்க்க வைத்துக் கழுவுவதே வழி. ஐடி-11-ஐ ஒன்றுக்கு மூன்று தண்ணீர் கலந்தால் பான் எஃப்-க்கு 15 நிமிஷம், எஃப்பி4-க்கு 20 நிமிஷம். 27 டிகிரியில் அவை முறையே ஏழரை, பத்து நிமிஷம் என்று ஆகும். நிம்மதியாகச் செய்யலாம்.

ரோடினால் என்கிற இன்னொரு டெவலப்பருக்கு இந்தத் தொல்லையே குறைவு. 1891-லிருந்து இருக்கும் மருந்து அது. ஒன்றுக்கு ஐம்பது என்றால், 300 மில்லி டேங்குக்கு மெடிக்கல் கடைச் சிரிஞ்சில் 6 மில்லி உறிஞ்சினால் போதும். 20 டிகிரியில் பான் எஃப்-க்கு 11 நிமிஷம், 26-ல் ஆறேகால். பாட்டிலைத் திறந்த பிறகும் வருஷக்கணக்கில் கெடாது, நிறம் காப்பிக் கஷாயம் போல ஆனாலும் வேலை செய்யும். ஐடி-11 அப்படி இல்லை. தூளை 40 டிகிரி வெந்நீரில் கரைத்து, விளிம்பு வரை நிறைந்த பாட்டிலில் வைத்தாலும் ஆறு மாதம்தான். கோடாக்கின் டி-76-ம் ஏறக்குறைய அதே சூத்திரம், அதே ஆயுள்.

ஆனால் ரோடினால் கிரெயினைக் கரைக்காது, அப்படியே கூராக நிறுத்தும். பான் எஃப்-ல் நிறுத்துவதற்குப் பெரிதாகக் கிரெயின் இல்லாததால் இரண்டும் நல்ல ஜோடி. 35 மி.மீ. எஃப்பி4-ஐ அதில் கழுவினால் வானத்தில் மணல் தூவியது தெரியும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. எஃப்பி4-க்கு ஐடி-11தான். டெவலப்பர் ஊற்றிய டேங்கை ஒரு மணி நேரம் ஆட்டாமல் வைக்கும் முறையை இந்தச் சூட்டில் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்ணீரைக் குளிர்விக்க ஐஸ் கட்டியைத் தேட வேண்டாம். இரவே மண்பானையில் ஊற்றி வைத்தால் கோடையின் வறண்ட காற்றில் காலையில் 24, 25-க்கு வந்துவிடும். டெவலப்பர், ஃபிக்ஸர் (உருவத்தை நிலைநிறுத்தும் கரைசல்), கடைசியாக அலசும் தண்ணீர் மூன்றுமே அந்தச் சூட்டை ஒட்டி இருக்கட்டும். ஒன்று 25-லும் அடுத்தது 34-லும் இருந்தால் ஜெலட்டின் சுருங்கி வலை வலையாக வெடிக்கும். அலசுவதற்குக் குழாயைத் திறந்துவிடாமல், டேங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து, தண்ணீர் மாற்றிப் பத்து முறை, மறுபடி மாற்றி இருபது முறை கவிழ்த்தால் போதும். பானைத் தண்ணீரே கட்டுப்படியாகும்.

சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் அதோடு வேலை முடிந்தது. பல்லடம், திருப்பூர்ப் பக்கத்துப் போர் தண்ணீர் என்றால் காய்ந்ததும் நெகட்டிவில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு கப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மில்லோ பனியன் கம்பெனியோ பக்கத்தில் இருந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுக் காயப் போடணும், பஞ்சுத் தூசு ஈர ஜெலட்டினில் ஒட்டினால் பிறகு போகவே போகாது. பான் எஃப்-ன் நுணுக்கத்துக்காகக் காசு கொடுத்தவருக்கு அது இரட்டை வலி.

120 ஃபிலிம் (35 மி.மீ.-ஐ விட அகலமானது) போடுகிறவர்களுக்கு இந்த நுணுக்கச் சண்டையே தேவையில்லை. அந்த அளவு நெகட்டிவில் எஃப்பி4-ன் கிரெயினைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் செக் நாட்டு ஃபோமாபான் 100 இருக்கிறது. பெட்டியில் 100 என்று போட்டிருந்தாலும் 64 அல்லது 80 என்று வைத்து எடுங்கள். வெயில் படத்துக்குத் தாராளமாகப் போதும். நீண்ட ஷட்டர் மட்டும் ஆகாது: மீட்டர் 10 நொடி காட்டினால் அதற்கு எட்டு மடங்கு கொடுக்க வேண்டும், எஃப்பி4-க்கோ 18 நொடியில் வேலை முடிந்துவிடும்.