மார்பிள் தரை: பாலிஷா, ஹோன்ட் ஃபினிஷா?

வீடு கட்டும் நண்பர் கேட்டார்: மார்பிள் எடுத்தாயிற்று, எந்த ஃபினிஷ் போடச் சொல்வது? ரீபாலிஷ் முடிந்த சூட்டோடு எழுதுகிறேன். எங்களுடையது ராஜஸ்தானின் மக்ரானா வெள்ளை மார்பிள். ஹாலும் சாப்பாட்டு இடமும் கண்ணாடிப் பாலிஷ். பூஜை அறையும் சமையலறைத் தரையும் ஹோன்ட், அதாவது மினுமினுப்பு ஏறும் முன்பே தேய்ப்பை நிறுத்திய மேட் தரை. சமையல் மேடை கிரானைட். அதில் குறையே இல்லை.

என்னைப் படுத்துவது சாப்பாட்டு இடத்து மோர்த் தடம்தான். துடைத்தால் போக அது கறை அல்ல, அரிப்பு. மார்பிள் கால்சியம் கார்பனேட். மோர், ரசம், எலுமிச்சை என எந்தப் புளிப்பு பட்டாலும் மேற்பரப்பு கரைந்துவிடும். காலை வெயில் சாய்ந்து விழும்போது டம்ளர் வைத்த இடமெல்லாம் வட்டம் வட்டமாக மங்கித் தெரியும். சீலர், அதாவது கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு, அடித்தால் கவலையில்லை என்று கடையில் சொன்னார்கள். எண்ணெயும் மஞ்சளும் உள்ளே இறங்குவதைத்தான் சீலர் மட்டுப்படுத்தும். புளிப்பு அரிப்பதை அது தடுக்காது. இதை மறைத்து விற்பது அநியாயம். ரீபாலிஷ் என்றால் முரட்டுத் தேய்ப்புக் கல்லில் தொடங்கி, கல் மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசியில் மினுமினுப்புக்கு ஆக்சாலிக் பவுடர் போடுவார்கள். வீடு முழுக்கச் சேறு.

ஹோன்ட் தரையிலும் புளிப்பு அரிக்கத்தான் செய்யும். சுற்றிலும் மேட் என்பதால் கண்ணில் படாது. ஈரக்காலுக்குப் பிடிமானமும் கூடுதல். ஆனால் எண்ணெயை அது சீக்கிரம் குடித்துவிடும். குத்துவிளக்கு நல்லெண்ணெய் சொட்டிய இடம் கறுத்தது. சமையல் சோடாவைக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, மறுநாள் எடுத்ததில் பெரும்பாலும் வெளுத்தது.

மணலுக்கு இரண்டுமே தாங்காது. கல்லின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் மார்பிள் 3, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. வாசலில் கால்மிதி கட்டாயம். கழிவறை கழுவும் ஆசிட்டை எந்த ஃபினிஷ் பக்கமும் கொண்டுவராதீர்கள்.

சாப்பாட்டு இடத்தையும் ஹோன்ட் ஆக்கிவிடலாமே என்று மிஷின்காரர் கேட்டார். நியாயப்படி சரி என்றிருக்க வேண்டும். முடியாது என்றேன். அந்தக் கல்லில் ஓடும் சாம்பல் நரம்பு பாலிஷில்தான் ஆழமாகத் தெரிகிறது. மேட்டில் அதே கல் வெளிறிவிடுகிறது. சமையலறைக்கும் பூஜை அறைக்கும் ஹோன்ட் போடுங்கள். ஹாலுக்குப் பாலிஷ்தான்.