அப்பாவுக்கு வீட்டுல ஆள் வச்ச நாலு மாசம், திருநெல்வேலி பெருமாள்புரத்துல இருந்து எழுதுதேன்

அப்பாவுக்கு 74 வயசு. ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் வரல, மூக்குல ட்யூப், யூரினுக்கு ட்யூப், அப்படியே டிஸ்சார்ஜ் பண்ணி வீட்டுக்கு கூட்டிட்டு வந்தோம். நான் வேலைக்கு போறவ, அம்மைக்கு முட்டுவலி, அப்பாவ புரட்டிப் போட அவங்களால ஆகாது. ரெண்டு சர்வீஸ் பாத்துட்டோம், இப்ப இருக்கிற ரெண்டாவது சர்வீஸ பத்திதான் இந்த ரிவ்யூ, ஆனா முதல்ல நடந்தத சொல்லாட்டி இது விளங்காது. ரெண்டுக்கும் பேர் போடல.

முதல் இடத்துல போன்லயே "ட்ரெயினிங் எடுத்த நர்ஸ், நாளைக்கே வந்துருவாங்க"ன்னு சொல்லி ஒரு நாளைக்கு 1200 ரூபா கணக்குல ஒரு மாச அட்வான்ஸ் வாங்கிட்டாங்க. வந்த அக்கா நல்ல மனசுதான், ஆனா அதுக்கு முன்னாடி கைப்பிள்ளை பாக்கிற வேலைக்குத்தான் போயிருக்காங்க, ட்யூப்ல கஞ்சி எப்படி குடுக்கணும்னு அவங்களுக்கு யாருமே சொல்லிக் குடுக்கல. மூணாம் நாள் நான் ரூமுக்குள்ள போறேன், அப்பா மல்லாக்க படுத்திருக்காங்க, அந்த அக்கா அப்படியே சிரிஞ்ச வச்சு கஞ்சிய உள்ள தள்ளிக்கிட்டு இருக்காங்க, அப்பாவுக்கு இருமி இருமி முகம் செவந்து போச்சு. ஓடிப்போய் தூக்கி உக்கார வச்சேன், இப்ப நெனச்சாலும் கை நடுங்குது.

பக்கத்து வீட்டு அத்தை ஹைகிரவுண்ட் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. "ஏளா, தலைமாட்ட 30ல இருந்து 45 டிகிரி தூக்கி வச்சுத்தான் குடுக்கணும், குடுத்து முடிச்சும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் இறக்கப்புடாது, ட்யூப்ல இருக்கிற மார்க் நகந்திருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பாரு, கஞ்சி நுரையீரலுக்குள்ள போச்சுன்னா அவ்வளவுதான்"னு அவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். அப்பாவ திருப்பிப் பாத்தா முதுகுக்கு கீழ, எலும்பு இருக்கிற இடத்துல செவந்து தோல் உரிஞ்சு கெடக்கு. வெயில் வேற, அடியில ரெக்சின் ஷீட், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க புரட்டணும்னு யாரும் சொல்லல. ஏஜென்சிக்கு போன் போட்டா "போகப் போக பழகிருவாங்க மேடம்"ங்காங்க. அன்னைக்கே நிறுத்திட்டேன், அட்வான்ஸ்ல பாதிதான் திரும்பி வந்துச்சு.

இப்ப இருக்கிற சர்வீஸ்ல ஆள் அனுப்புறதுக்கு முன்னாடி சூப்பர்வைசர் ஒருத்தங்க வீட்டுக்கே வந்தாங்க. டிஸ்சார்ஜ் சம்மரிய முழுசா வாசிச்சாங்க, புண்ண பாத்தாங்க, பாத்ரூமுக்குள்ள போய் வழுக்குதான்னு கால வச்சு பாத்துட்டு சுவத்துல கைப்பிடி அடிக்கச் சொன்னாங்க, ஏர் பெட்டு வாங்கச் சொல்லி கரண்ட் போனா காத்து இறங்கிரும் அதனால மோட்டார இன்வெர்ட்டர் லைன்ல குடுங்கன்னும் சொன்னாங்க. அதவிட பெரிய விஷயம், தினமும் நர்ஸ் வேண்டாம்னு அவங்களே சொன்னதுதான். நர்சிங்ல ஏஎன்எம் ரெண்டு வருஷம், ஜிஎன்எம் மூணு வருஷம், இந்த மாதிரி படிச்சு தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில்ல பதிஞ்சவங்கதான் நர்ஸ், மத்தவங்க அட்டெண்டர், அவங்க ஊசி போடவோ ட்யூப் மாத்தவோ கூடாது, உங்களுக்கு புண்ணு கட்ட வாரம் மூணு நாள் நர்ஸ் போதும்னு பிரிச்சு சொல்லி ரெண்டு ரேட்டையும் தனித்தனியா எழுதிக் குடுத்தாங்க. நர்ஸோட கவுன்சில் நம்பரையும் கேக்காமலே காட்டுனாங்க. 2021ல அரசாங்கம் ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோ வீட்டுக்கே வருவாங்க, ப்ரீதான், அதுக்கு எங்ககிட்ட காசு குடுக்காதீங்கன்னு சொன்னதும் எனக்கு நம்பிக்கை வந்துருச்சு.

இப்ப வாற அட்டெண்டர் ஒரு நோட்டு போட்டு எழுதுதாங்க. எத்தன மணிக்கு எந்தப் பக்கம் புரட்டுனாங்க, பிபி, சுகர், யூரின் எவ்வளவு, மோஷன் போச்சா, எல்லாம். நான் ஆபீஸ் விட்டு வந்ததும் முதல்ல அதத்தான் பாப்பேன். யூரின் பேக் கட்டிலுக்கு கீழ தொங்கும், ஆனா தரையில படாது. கைய சோப்பு போட்டு கழுவாம அப்பாவ தொட மாட்டாங்க. நர்ஸ் போட்ட ஊசிய குப்பையில போடாம கெட்டியான டப்பாவுல சேத்து அவங்களே எடுத்துட்டுப் போறாங்க, நம்ம குப்பை எடுக்க வாற அக்காவுக்கு கையில குத்தக்கூடாதுல்லா.

குறை இருக்கு, அதையும் சொல்லணும். தீபாவளிக்கு ரெண்டு நாள் மாத்து ஆள் வரல, நானும் அம்மையும்தான் பாத்தோம். இன்னொன்னு அதவிட மோசம். ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா முனகுற சத்தம் கேட்டு போனா அட்டெண்டர் அக்கா சேர்லயே அசந்து தூங்குதாங்க. கோவத்துலதான் எழுப்புனேன். "எக்கா, காலையில எட்டு மணியில இருந்து வேற வீட்டுல டூட்டி, அங்க இருந்து நேரா இங்க அனுப்பிட்டாங்க"ன்னு சொல்லி அழுதுட்டாங்க. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல முழிச்சிருக்கிற பிள்ளைய என்னன்னு ஏசுறது? அவங்கள படுக்கச் சொல்லிட்டு நானே உக்காந்துகிட்டேன். மறுநாள் சூப்பர்வைசர்கிட்ட நல்லா சண்ட போட்டேன், மன்னிப்பு கேட்டாங்க, அந்த நாள் காசு வாங்கல, ஆனா நான் கேட்டது காசு இல்ல. நீங்க ஆள் வச்சா படிப்பு, போலீஸ் வெரிஃபிகேஷன் எல்லாம் கேக்குறதோட அவங்க கடைசியா எப்ப தூங்குனாங்கன்னும் கேளுங்க.

புண்ணு ஆற ரெண்டரை மாசம் ஆச்சு. அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கேன். நைட்டுக்கு இப்ப பகல் டூட்டி இல்லாத ஆள்தான் வரணும்னு சொல்லி வாங்கிருக்கேன், வாறவங்க முந்தின டூட்டி எத்தன மணிக்கு முடிஞ்சதுன்னு நோட்டுல முதல் வரியா எழுதிட்டுத்தான் ரூமுக்குள்ள போறாங்க.