ஸ்பீக்கர் பெட்டிக்கு மைக்கா ஒட்டக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

எம்.டி.எஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகையில் வீட்டிலேயே ஸ்பீக்கர் பெட்டி செய்பவர்கள் பலர், வெட்டி ஒட்டி முடித்ததும் கடைசி வேலையை வெளியே கொடுத்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் கொடுத்தேன். பெட்டியின் உடம்பை நானே 18 மி.மீ. எம்.டி.எஃப்பில் செய்தேன். ஊஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்), ட்வீட்டருக்கு (உயர்ந்த ஒலிக்கானது) வட்டம் வெட்ட ரூட்டர் என்ற குடைந்து வெட்டும் இயந்திரம் வேண்டும் என்பதால், முன்பலகையும் மேலே ஒட்டும் மைக்காவும் (லேமினேட் தாள்) ஒரு பட்டறையின் பொறுப்பு. பேசியது தெளிவாகவே இருந்தது: முன்பலகையும் 18 மி.மீ. எம்.டி.எஃப், 1 மி.மீ. மைக்கா, இரண்டு பக்கமும் தடவி ஒட்டும் ரப்பர் பசை, பின்பக்கம் உட்பட எல்லா முகத்துக்கும் மைக்கா. எல்லாவற்றையும் எழுதியே கொடுத்தேன். கேட்ட கூலியைக் குறைக்கவும் இல்லை.

கைக்கு வந்தபோது பெட்டி பளபளவென்று இருந்தது. பின்பக்கத்தில் மட்டும் மைக்கா இல்லை, கறுப்பு பெயிண்ட். கேட்டதற்கு, "பின்னாடி யார் சார் பார்க்கப் போறாங்க?" என்று சிரித்தார் உரிமையாளர். பின்பக்கம் அழகுக்காகக் கேட்டதல்ல. எம்.டி.எஃப்பின் முகம் இறுக்கமாக இருக்கும். வெட்டுமுனை அப்படி இல்லை, ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். அங்கே சீலரோ பிரைமரோ போட்டு, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி ஒரு கோட் கொடுக்காமல் நேரடியாகப் பெயிண்ட் அடித்தால் ஓரம் சொரசொரவென்று நிற்கும். இவர்கள் அடித்த பெயிண்ட் ஓரத்தில் அப்படித்தான் நின்றது, விரலை வைத்தாலே தெரிந்தது. சரி, பின்பக்கம்தானே, அப்புறம் சரிசெய்து தருவார்கள் என்று எடுத்து வந்தேன்.

சில வாரங்களில் ஒரு மூலையில் மைக்கா கிளம்பியது. பக்கத்தை விரல் கணுவால் தட்டினால் ஓரத்தில் கெட்டியான சத்தம், நடுவில் பொள்ளல் சத்தம். கிளம்பிய மூலையைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். பாதிப் பக்கம் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. ரப்பர் பசை போட்டிருந்தால் மஞ்சளும் பழுப்புமாக, இழுத்தால் நூல் நூலாக வரும் படலம் இரண்டு பக்கமும் இருந்திருக்கும். இங்கே இருந்தது வெள்ளைப் பசை, அதுவும் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு, நடுவில் குறுக்கே ஒரு இழுப்பு. மீதி இடத்தில் மைக்காவின் பின்புறக் காகிதம் பசை படாமல் சுத்தமாக இருந்தது. வெர்னியரில் வைத்துப் பார்த்தால் மைக்காவின் கனம் 0.7 மி.மீ. கூட முழுதாக இல்லை.

வெள்ளைப் பசை மோசமான பசை என்று யாரும் எண்ண வேண்டாம். என் பெட்டியின் மூட்டுகள் எல்லாம் அதில்தான் நிற்கின்றன. ஆனால் அது தண்ணீர் கலந்த பசை, காய அந்தத் தண்ணீர் எங்காவது போக வேண்டும். மைக்கா என்பது ரெசினில் ஊறிய காகித அடுக்குகளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய தாள், அது தண்ணீரை விடாது. எல்லா ஈரமும் எம்.டி.எஃப்புக்குள்தான் இறங்கும். அதனால் மெல்லிய சீரான பூச்சும், காயும்வரை முழுப் பரப்பிலும் கிளாம்ப் அழுத்தமும் வேண்டும். ரப்பர் பசை அப்படி இல்லை. இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத நிலை வரும்வரை விட்டு, பிறகு சேர்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்த வேண்டும். சேர்ந்த கணமே பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய முடியாது. அதனால் நிதானம் தேவை, பசையும் கூடுதலாகச் செலவாகும். இவர்கள் மிச்சம் பிடித்தது அந்த நிதானத்தையும் பசையையும்தான்.

இதைவிடப் பெரிய ஏமாற்று முன்பலகையில் இருந்தது. பாடலில் பாஸ் இறங்கும்போதெல்லாம் ஒரு 'ஜிர்ர்' சத்தம் வந்துகொண்டிருந்தது. முதலில் ஊஃபரைத்தான் சந்தேகப்பட்டேன். ஸ்க்ரூவை இறுக்கப் போனால், அது பிடிக்காமல் சும்மா சுற்றியது. ஊஃபரைக் கழற்றித் துளையின் விளிம்பை டார்ச் அடித்துப் பார்த்தேன். எம்.டி.எஃப்பின் வெட்டு ஒரே நிறத்தில், மாவை அழுத்தியதுபோல் வழவழவென்று இருக்கும். இங்கே தெரிந்தது சின்னதும் பெரியதுமான மரச்சில்லுகள், இடையிடையே ஓட்டைகள். பார்ட்டிக்கிள் போர்டு! பில்லில் எம்.டி.எஃப் என்று எழுதி அதற்கான காசும் வாங்கியிருக்கிறார்கள். பார்ட்டிக்கிள் போர்டில் நல்ல ஸ்பீக்கர்கள் வந்திருக்கின்றன, வருகின்றன. அதற்கேற்ற அடர்த்தியில் எடுத்து, ஸ்க்ரூ பிடிக்க உள்ளே டி-நட் (பலகையில் பதிக்கும் உலோக நட்) வைத்துச் செய்வார்கள். மலிவான சில்லுப் பலகையில், துளை விளிம்பை ஒட்டி நேரடியாக ஸ்க்ரூ ஏற்றினால், ஊஃபரின் அதிர்வில் சில்லுகள் உதிர்ந்து பிடிமானம் போய்விடும்.

முன்பலகையும் உடம்பும் சேரும் இடத்தில் இடைவெளி. அதைப் பசையால் அடைக்காமல் பட்டி பூசி, அதன்மேல் மைக்கா ஒட்டி மறைத்துவிட்டார்கள். என்னுடையது போர்ட் (காற்று போகவர விடும் துளை) இல்லாத மூடிய பெட்டி. அதில் ஊஃபரின் கோனை (அதிரும் கூம்பை) விரல்களைப் பரப்பி மெதுவாக உள்ளே அழுத்தி விட்டால், காற்று அடைபட்டிருப்பதால் நிதானமாகத் திரும்ப வேண்டும். இது டக்கென்று திரும்பியது. காற்று கசிகிறது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அளவு பார்க்க என்று ஒரு ஊஃபரை என்னிடம் வாங்கி வைத்தவர்கள், அதை ரூட்டர் ஓடும் மேசைமேலேயே திறந்து போட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது கோன் முழுக்கத் தூசி, காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள். அந்தத் தூள் வாய்ஸ் காயிலின் (கோனை அசைக்கும் கம்பிச்சுருளின்) இடுக்கில் போய்விட்டால் எடுப்பது பெரும்பாடு. என் நல்ல காலம், உள்ளே போகவில்லை. அளவுக்குத் தடித்த காகிதத்தில் வெட்டிய அச்சு போதும். ஊஃபரைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

படங்களோடு போய்க் கேட்டேன். முதலில் "உங்க வீட்டுல ஈரம் சார், அதான் கிளம்பிருக்கு" என்றார். பசையைக் காட்டியதும், "போர்டு நீங்க கொண்டு வந்தது, எங்க பொறுப்பு இல்லை" என்று மாற்றினார். முன்பலகை அவர்கள் கொடுத்தது என்று பில்லைக் காட்டினேன். அதற்குப் பிறகு "ஆள் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்ற பதில்தான். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. பட்டறையின் பெயரை நான் இங்கே போடவில்லை. செய்த முறை தெரிந்தால் எந்தப் பட்டறையிலும் கண்டுபிடித்துவிடலாம்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், மைக்கா ஏறும் முன் பெட்டியை ஒருமுறை போய்ப் பார்ப்பேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அதற்குச் சம்மதிக்காத இடத்தில் கொடுக்கவே வேண்டாம். பலகையின் தன்மை, மூட்டில் பசை, ஓரங்களின் மட்டம் எல்லாம் அப்போது கண்ணுக்கு எதிரே இருக்கும். ஒட்டியபின் எதுவும் தெரியாது. வெட்டிய வட்டத் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள், முன்பலகை என்ன பலகை என்று அதன் விளிம்பே சொல்லிவிடும். மைக்காவின் வெட்டிய மிச்சத்தையும் வாங்கிக் கனம் பாருங்கள். பக்கங்களை முதலில் ஒட்டி, முன்முகத்தைக் கடைசியாக ஒட்டச் சொல்லுங்கள். அப்போது மூட்டுக்கோடு முன்னால் தெரியாது. மைக்கா ஏறும் முன் ஊஃபர் பதியும் பள்ளத்தை வெட்டுவதானால், அதன் ஆழத்தில் மைக்காவின் 1 மி.மீ. கழித்துச் சொல்ல வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது நான் ஹாட் ஏர் கன்னால் மீதி மைக்காவை எடுத்துக்கொண்டிருக்கிறேன். உடம்பு தப்பிவிட்டது, முன்பலகையை மட்டும் புதிதாகச் செய்ய வேண்டும். அண்மையில் யாராவது இப்படி ஒட்டி வாங்கியிருந்தால், இன்றைக்கே எல்லாப் பக்கத்தையும் தட்டிப் பாருங்கள், ஒரு ஊஃபரைக் கழற்றித் துளை விளிம்பையும் பாருங்கள். கூலியில் பாக்கி வைத்திருந்தால், பார்த்து முடிக்கும்வரை கொடுக்காதீர்கள்.