எல்.ஆர்.டி. ரயிலில் பொருட்பால்: 70 வாரம் படித்தும் கேட்டும் பார்த்ததில்

கோலாலம்பூரின் கிளானா ஜெயா ரயில் தடத்தில் தன்முன்னேற்றப் பேச்சுகளைக் காதில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். வேலையிடம் போய்ச் சேர்வதற்குள் பாதி மறந்துவிடும். பேச்சில் குறையில்லை, கேட்டதைத் திரும்ப எடுத்துப் பார்க்கக் கையில் ஏடு இல்லை, அவ்வளவுதான். படிக்கவும் கேட்கவும் ஒருசேர அமைந்தது திருக்குறளின் பொருட்பால். மொத்தம் 70 அதிகாரம், ஒவ்வொன்றிலும் 10 குறள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 2 என்றால் வாரம் ஓர் அதிகாரம்.

வரிசைப்படி இறைமாட்சியில் தொடங்க வேண்டாம். அது அரசனைப் பற்றியது. "இது நமக்கில்லை" என்று முதல் வாரமே மூடிவைக்கத் தோன்றும். திருக்குறளின் மொத்த வரிசையில் 60 முதல் 63 வரையான அதிகாரங்கள் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை. நுழைய இதுதான் சரியான வாசல். அரண், படைமாட்சி எல்லாம் கடைசியில் வேகமாகப் போகலாம்.

முந்தின இரவு 2 குறளையும் மு. வரதராசனார் உரையையும் வாய்விட்டுப் படித்துக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். ஒரு நிமிட வேலை. காலையில் ரயிலில் அதையே 3 முறை கேளுங்கள். நெரிசலில் புத்தகம் விரிக்க இடமிருக்காது. காது சும்மாதானே இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பதிவுகள் பலவற்றில் பின்னணி இசை உண்டு. மஸ்ஜித் ஜாமெக், கேஎல்சிசி பக்கம் சுரங்கத்துக்குள் போனதும் அந்த இசையும் ரயில் இரைச்சலும் சேர்ந்து சொல்லை அமுக்கிவிடும். சொந்தக் குரலில் அந்தத் தொல்லை இல்லை. வேகத்தையும் கூட்ட வேண்டாம். உரைநடைப் பேச்சு 1.25 மடங்கைத் தாங்கும், செய்யுள் தாங்காது.

இரவில் ஏட்டைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். தடுக்கும் சீர் எதுவோ, மறுநாள் காது கொடுக்க வேண்டிய இடம் அதுதான்.

கேட்பது மட்டும் ஏன் போதாது என்பதற்கு 605ஆம் குறளே சான்று: "நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்." காதில் விழும்போது நீரும் கலமும் சேர்ந்து கடல் போலத் தோன்றும். ஏட்டில் உரையோடு பார்த்தால்தான் நெடுநீர் என்பது தண்ணீர் அல்ல, காலம் கடத்தும் குணம் என்பது தெரியும். அந்தக் குணம், மறதி, சோம்பல், தூக்கம் நான்கும் கெட்டுப்போகிறவர்கள் ஆசையோடு ஏறும் மரக்கலம். தண்ணீர் என்று மயங்கவைத்து மரக்கலத்தில் கொண்டுபோய் முடிக்கிற அழகுக்கே இந்தக் குறள் மனத்தை விட்டுப் போகாது.

குறளும் உரையும் ஒரே பக்கத்தில் வரும் பதிப்பாக வாங்குங்கள். பக்கம் புரட்டித் தேடும் பதிப்பு பத்து நாளில் அலமாரிக்குப் போய்விடும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், வருமான வரியில் 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறைக் கழிவில் புத்தகச் செலவும் சேரும்.

இரண்டொரு நாள் விட்டுப்போனால் சனிக்கிழமை ஈடுகட்டலாம். வாரமே போய்விட்டால் அடுத்த வாரம் 20 குறளைத் திணிக்காதீர்கள்; பலரும் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். விட்ட அதிகாரத்தையே திங்கட்கிழமை முதல் குறளிலிருந்து எடுங்கள்.